பெட்டி கட்டும் மாதம்

கவாத்து சொல்லிக்கொடுக்கிறவளுக்குப் பாதி வேலை காலைத் தூக்க வைப்பது. மீதி வேலை பெட்டியைத் தூக்க விடாமல் பார்த்துக்கொள்வது. கள்ளக்குறிச்சிக்கு வெளியே, புதிதாகத் தேர்வான பெண் காவலர்களுக்காக நடந்த ஒரு பயிற்சிப் பள்ளியில் நான் ஏட்டாக இருந்து இந்த இரண்டையும் செய்தேன். முதல் மாதத்துக்கு எங்களுக்குள் ‘பெட்டி கட்டும் மாதம்’ என்று பெயர். வேலை கிடைக்கவேண்டும் என்று ஊரிலிருக்கிற சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டு வந்த பெண்கள், வந்த வாரத்திலேயே வேலையிலிருந்து தப்பிக்க அதே சாமிகளை வேண்டிக்கொள்ளும் மாதம் அது. சிரிக்காதீர்கள். நீங்களும் முதல் வேலையில் சேர்ந்த புதிதில் கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டியை ஒரு மாதிரியாகப் பார்த்தவர்கள்தான்.

யாராவது போய்விட்டால் பள்ளிக்குத் தலைவரான பெரிய அய்யா என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார். கேட்டுவிட்டுப் போகட்டும், அது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் அந்த முறை என் அணியில் மல்லிகா என்று ஒரு பெண் இருந்தாள். கல்வராயன் மலையில், வெள்ளிமலையையும் தாண்டிப் போகவேண்டிய ஒரு சின்ன ஊர். அவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள். “மூத்தவ போலீஸ்ல நின்னு காட்டினா சின்னதுங்களும் கீழ போய்ப் படிக்கட்டும். இல்லன்னா மூணும் மலையிலயே கெடக்கட்டும்” என்று சொல்லித்தான் அவள் அப்பா சடையன் அவளை அனுப்பியிருந்தார். மற்றவள் போனால் ஒருத்தி போனாள், அவ்வளவுதான். இவள் போனால் மூன்று பேர் போவார்கள். சேர்ந்த அன்றைக்கே இதை என்னிடம் சொல்லிவிட்டு அவள் நன்றாகத் தூங்கினாள். எனக்குத்தான் தூக்கம் போனது.

பூட்ஸ்

போகிறேன் என்று வந்து நிற்பவளிடம் ‘போகாதே’ என்று சொன்னால் கட்டாயம் போய்விடுவாள். அதனால் நான் அப்படிச் சொல்வதே இல்லை. “தாராளமா போ. வாங்கின சாமானை வாங்கின மாதிரியே ஒப்படைச்சிட்டுப் போ” என்பேன். பெல்ட், கொசுவலை, தட்டு எல்லாம் சுலபம். பூட்ஸில்தான் சங்கதி இருக்கிறது. முனையில் முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்டால்தான் வாங்கிக்கொள்வேன். அது வரைக்கும் தேய்க்கவேண்டும் என்றால் கோபம் தாக்குப்பிடிக்காது.

திருக்கோவிலூர் மளிகைக்கடைக்காரர் மகள் சுதா வீட்டில் தண்ணீர்கூடத் தானாக மொண்டு குடித்தறியாதவள். கயிறு ஏறச் சொன்ன அன்று பெட்டியோடு வந்து நின்றாள். வழக்கம்போல பூட்ஸைக் காட்டினேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதுகொண்டே தேய்த்தாள். அப்புறம் என்னைத் திட்டிக்கொண்டே தேய்த்தாள். அப்புறம் பேச்சே இல்லாமல் தேய்த்தாள். சாயங்கால டீக்கு மணி அடித்தபோது பூட்ஸை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் கையை நீட்டினேன். அவள் பூட்ஸைப் பின்னால் இழுத்துக்கொண்டு சொன்னாள்: “இம்மாம் பாடுபட்டுத் தேச்சத எவளோ ஒருத்தி மாட்டிக்கினு போவாளா? நானே போட்டுக்கறேங்கம்மா.”

ஃப்ளெக்ஸ்

களமருதூர் வளர்மதிக்கு பூட்ஸ் வைத்தியம் பலிக்கவில்லை. ஏனென்றால் அவள் என்னிடம் சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அனுமதி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவள், பெட்டியையும் நைசாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போனவள் போனவள்தான் என்று நான் முடிவு கட்டியிருக்க, மறுநாள் காலையில் தாய்மாமன் அவளை வண்டியில் பின்னால் உட்காரவைத்து, பெட்டியையும் நடுவில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார்.

நடந்தது இதுதான். வேலை கிடைத்த சந்தோஷத்தில் சொந்தக்காரர்கள் எல்லாம் சேர்ந்து பஸ் நிறுத்தத்தில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். காக்கி உடையில் அவள் படம் ஏது? ஸ்டுடியோக்காரர் யாரோ ஓர் அதிகாரியின் உடம்பில் இவள் தலையை ஒட்டிவிட்டார். தோளில் நட்சத்திரம், கையில் பிரம்பு. கீழே வரிசையாகச் சித்தப்பா, பெரியப்பா, போன மாதம் பிறந்த குழந்தை வரைக்கும் எல்லோரும் வாழ்த்துகிறார்கள். பெட்டியோடு இறங்கியவளை நிறுத்தத்தில் நின்றவர்கள் “இன்னா மேடம், அதுக்குள்ள ட்ரான்ஸ்ஃபரா?” என்று கேட்டிருக்கிறார்கள். அவள் வயலுக்குள் இறங்கி, சேற்றோடு வீட்டுக்குப் போயிருக்கிறாள். தாய்மாமன் பெட்டியை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: “அந்த பேனரு வெயில்ல வெளுக்கற வரிக்கும் இவ இங்கியே இருக்கட்டுங்கம்மா. அப்பறம் அவ இஷ்டம்.”

மூன்று பேர் வரிசை

கவாத்தில் மூன்று மூன்று பேராகப் பக்கத்தில் பக்கத்தில் நடக்கவேண்டும். பட்டணத்துப் பெண்ணுக்கு அது ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்துப் பெண்களோ பிறந்ததிலிருந்து வரப்பில் நடந்தவர்கள், ஒருத்தி பின்னால் ஒருத்தியாகத்தான் போவார்கள். அவர்களையாவது நாலு நாளில் சரிக்கட்டிவிடலாம். மல்லிகாவை மட்டும் என்னால் முடியவில்லை. நிற்கும்போது சரியாக நிற்பாள். நடக்க ஆரம்பித்துக் கொஞ்ச தூரம் போனதும் பக்கத்திலிருப்பவளுக்கு வழிவிட்டுப் பின்னால் நழுவிவிடுவாள். மொத்த வரிசையும் கோணலாகிவிடும். நான் கத்தின கத்தலில் மைதானத்துக் காக்காய்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டன.

ஒரு நாள் பெரிய அய்யா பார்த்துவிட்டார். “இந்தப் பொண்ணு தேறுமா ஏட்டம்மா?” என்று அவள் காதில் விழும்படியே கேட்டார். அணியைக் கலைத்துவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏய், பக்கத்துல நடந்தா உனக்கு இன்னா குறைஞ்சு போயிடும்?” என்று கேட்டேன். அவள் மைதானத்துக்கு அப்பால் தெரிகிற மலையைப் பார்த்தபடி சொன்னாள்: “நான் ஒதுங்கலன்னா பக்கத்துல வர்றவ பள்ளத்துல வுழுந்துடுவாளோன்னு பயமாகீதுங்கம்மா.”

போனவள்

எல்லாக் கதையும் எனக்குச் சாதகமாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அணியிலேயே கெட்டிக்காரி தேவகி. ஓட்டம், கயிறு, கவாத்து, சட்டப் பாடம் எதிலும் அவள்தான் முன்னால். அவளே ஒரு நாள் பளபளக்கும் பூட்ஸோடு வந்து, போகிறேன் என்றாள். நான் அசந்துபோனேன். கஷ்டமா என்றேன், இல்லை என்றாள். வீட்டு ஞாபகமா என்றேன், இல்லை என்றாள். யாரோ சொன்னதைச் செய்துகொண்டே வாழ்நாள் போகப் பிடிக்கவில்லையாம். பூட்ஸில் என் முகம் தெளிவாகத் தெரிந்தது, வாங்கிக்கொள்ளாமல் வேறு வழியில்லை. அன்றைக்கு மல்லிகாதான் அதிகம் அழுதாள். எல்லாம் தெரிந்தவளே போகும்போது நான் எந்த மூலைக்கு என்று அவள் கேட்டது எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த வருஷம் கள்ளக்குறிச்சியில் ரவிக்கை தைக்க ஒரு கடைக்குப் போனேன். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து நின்றது தேவகி. மூன்று தையல் மெஷின், அதில் உட்கார்ந்து தைக்கப் பெண்கள், எல்லாம் அவள் சொந்தம். என்னை விசாரித்தாள், டீ வாங்கிக்கொடுத்தாள். அளவெடுக்கும்போது நான் அவள் கடையைப் பெருமையாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தன் பழைய வாத்தியாரம்மாவான என்னைப் பார்த்துச் சொன்னாள்: “கைய கீழ வுட்டு நேரா நில்லுங்கம்மா. நான் சொல்ற வரிக்கும் அசையக் கூடாது.”

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்வையாளர் நேரம். முதல் பஸ்ஸில் சடையன் மலையிலிருந்து இறங்கிவிடுவார். தேன், புளி, சாமை அரிசி என்று ஏதாவது ஒரு மூட்டை. மகளைப் பார்த்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “போலாமா?” அவ்வளவுதான், அவள் அழ ஆரம்பிப்பாள். வாரம் பூராவும் நான் நிமிர்த்தி நிறுத்தியவளை அவர் ஒரே வார்த்தையில் கரைத்துவிட்டுப் போவார். திங்கட்கிழமை நான் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். வேலைக்கு அனுப்பச் சம்மதித்தவரும் அவர்தான், கூப்பிட வருகிறவரும் அவர்தான் என்றால் நான் யாரோடு மல்லுக்கட்டுவது?

ஒரு ஞாயிறு அவர் மூட்டை கொண்டுவரவில்லை. துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டே வந்தார். பெட்டியைத் தூக்கத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. “எம்பொண்ண நான் ஒரு நாளும் ஏய்னு கூப்ட்டதில்லைங்க. நீங்க இன்னாடான்னா அதையே பேரா வெச்சிட்டீங்க” என்றார். எனக்குக் கோபம் வந்தது. “அப்ப சின்னதுங்க ரெண்டோட படிப்பு?” என்றேன். “அதுங்களும் வூட்லியே இருக்கட்டுங்க. மூணும் கண்ணெதிர்ல இருந்தாத்தான் எனக்குச் சோறு எறங்குது” என்றார். கெட்ட எண்ணம் இருந்தால் சண்டை போடலாம். பாசத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

மல்லிகா உள்ளே போய்ப் பெட்டியைக் கொண்டுவந்தாள். அவர் குனிந்தார், அவளே தூக்கி அவர் தலையில் வைத்தாள். என் மனசு விட்டுப்போயிற்று. அவர் இரண்டடி நடந்ததும் அவள் அசையாமல் நின்றபடி சொன்னாள். “அதுல என் துணி இல்லப்பா. சுதா பெட்டியில வெச்சிட்டேன். நீ கொண்டாந்த தேனு, புளி எல்லாம் அப்படியேதான் கீது. பிரிச்சா அழுக வருது, திங்க முடியல. நீ வந்துக்கினு இருந்தா நான் வந்துடுவேன். நீ வராட்டி நான் இருந்துடுவேன்.” சடையன் திரும்பிப் பார்க்கவில்லை. தலையில் பெட்டி இருந்ததால் திரும்ப முடியவில்லையோ என்னவோ. அவர் போய் பஸ் ஏறும் வரைக்கும் நான் அவளை ஏய் என்று கூப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அப்படித்தான் நானும் நினைத்தேன். எதிரிலிருந்த டீக்கடைக்கு நான் போனபோது, உள்பெஞ்சில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து மைதானத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் சொல்லவில்லை. பயிற்சி முடிகிற வரைக்கும் ஞாயிறுதோறும் அந்தப் பெஞ்சு அவருக்குத்தான்.

மல்லிகா தேறினாள். அணிவகுப்பு நாளில் சடையன் புது வேட்டியோடு, நடு மகள் ராணியைக் கையில் பிடித்துக்கொண்டு, இத்தனை வாரத்துக்குப் பிறகு நேர் வழியில் உள்ளே வந்தார். இனிமேல் நிம்மதிதானே என்று கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இன்னா நிம்மதிங்கம்மா? இவளுக்கு டேசன் விழுப்புரத்துப் பக்கம் போட்டுட்டாங்க, ராணிய இங்க ஆஸ்டல்ல சேத்துட்டேன். ஞாயித்துக்கெழம ஒண்ணே ஒண்ணுதான கீது, நான் எந்த வாசல்ல போய் நிக்கறது?”

இத்தனை வருஷத்தில் எங்கள் பள்ளியை விட்டு ஓடிப்போக நினைத்தவர்களில் பாதிப் பேர் வாசலில் வந்து நின்ற அப்பா அம்மாக்கள்தான், அவர்கள் பெயரை நாங்கள் ரோல் காலில் கூப்பிட்டதே இல்லை.