அரிசி நெறைஞ்சி கீது

வளர்மதிக்கு வாய் அதிகம் என்பது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேருக்குத் தெரியும். காவாந்தண்டலத்தில் பயிர் வைக்கும் பஞ்சாட்சரத்தின் மூத்த மகள். அந்தத் தெருவில் டிகிரி முடித்த முதல் பெண். பஸ் நிற்காமல் போனால் மறுநாள் அதே கண்டக்டரைப் பிடித்து, ஊர் கேட்க நியாயம் பேசுவாள். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய எங்கள் மளிகைக் கடைக்கு வந்தால், என் அத்தா பீர் முகம்மது எடை போட்டு முடிக்கும்வரை தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். "ஒன் கூட்டாளியா இது, இன்ஸ்பெக்டரா?" என்று அத்தா என்னிடம் முணுமுணுப்பார். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு வார்த்தையிடம் மாட்டிக்கொண்டு பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷக் கோடை. இரண்டு வருஷமாக மழை ஏமாற்றியிருந்தது. செய்யாற்றில் மணல் லாரிதான் ஓடியது. காவாந்தண்டலத்தில் முக்கால்வாசி நிலம் தரிசு. அந்த மே மாதம் பட்டணத்துப் பல்கலைக்கழகம் ஒன்று, காஞ்சிபுரத்துக் கல்லூரிக் கட்டடத்தில் ஒரு மாதக் கோடை வகுப்பு நடத்தியது. காலையில் புள்ளியியல், மத்தியானம் மனித உரிமை, சாயங்காலம் அறிக்கை எழுதும் பயிற்சி. மத்தியானச் சாப்பாடு உண்டு. வளர்மதி துணைக்கு வருகிறாள் என்றதும் அத்தா என்னையும் விட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அவள் பேச்சு நின்றுவிடும். தட்டு காலியாகிறவரை தலை நிமிராது. அவர்கள் வீட்டில் அந்த மாதம் அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது என்று எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள்.

புள்ளியியல் நடத்திய ஐசக் சார் நல்ல மனிதர்தான். கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம், அதற்கும் வழி இல்லை. சென்னையில் ஓர் அறக்கட்டளை, எந்த ஊரில் அரிசித் தட்டுப்பாடு என்று நாங்கள் கணக்கெடுத்துச் சொல்கிறோமோ அந்த ஊருக்கு வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. சொந்த ஊரில் யாரும் கேள்வி கேட்கக் கூடாது, பாசம் கணக்கைக் கெடுக்கும் என்பது சார் போட்ட விதி. அதனால் நாங்கள் இருவரும் பெருநகருக்குப் போனோம். காவாந்தண்டலத்துக்கு இரண்டு சென்னைப் பையன்கள் போனார்கள்.

கேள்வி ஒன்றுதான்: வீட்டில் இப்போது அரிசி இருக்கிறதா?

இதைவிட மட்டமான கேள்வி உலகத்தில் கிடையாது. எங்கள் பக்கத்தில் எந்தப் பொம்பளையாவது அரிசி இல்லை என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எங்கள் கடை வாசலில் தினமும் கேட்கிற பேச்சு, "பாய், அரிசி நெறைஞ்சி போச்சி, ரெண்டு கிலோ போடு" என்பதுதான். தீர்ந்துபோனால்தான் நிறைந்தது என்பார்கள். இல்லை என்று வாயால் சொன்னால் லட்சுமி வீட்டை விட்டுப் போய்விடுவாளாம். அத்தாவுக்கும் அது பழகிவிட்டது, நிறைந்தது என்றால் படக்கென்று சாக்கைப் பிரிப்பார்.

பெருநகரில் வளர்மதி, சாருக்குச் சொல்லாமல், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டாள். நேற்று ராத்திரி என்ன சமைத்தீர்கள், நாளைக்கு எதை உலையில் போடுவீர்கள் என்று கேட்டாள். பெண்கள் சொல்லிவிட்டார்கள். பெருநகர் தட்டுப்பாட்டு ஊர் என்று முடிவானது. காவாந்தண்டலத்தில் அந்தப் பையன்கள் அரிசி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள், வீட்டுக்கு வீடு நிறைந்திருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது. கோடையிலும் இப்படி ஒரு செழிப்பா என்று வியந்து எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள். படித்த கழுதைகள்.

வளர்மதி ஐசக் சார் மேஜைமேல் ஏறாத குறைதான். நிறைந்திருக்கிறது என்றால் காலி என்று அர்த்தம் சார் என்று ஆதியிலிருந்து விளக்கினாள். நானும் எங்கள் கடைப் பேச்சையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, காதில் விழுந்ததைத்தான் எழுத வேண்டும், நாம் நினைப்பதை எழுதக் கூடாது என்றார். சரி, இன்னொரு தரம் போய் அதே கேள்வியைக் கேட்டு வாருங்கள், இல்லை என்று அவர்கள் வாயால் சொன்னால் மாற்றிவிடுகிறேன் என்றார். கேள்வியை மாற்ற மட்டும் ஒப்பவில்லை. அன்று மத்தியான வகுப்பில் உணவு மனிதனின் அடிப்படை உரிமை என்று ஒரு மணி நேரம் பாடம் நடந்தது. வளர்மதி பேனாவைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காவாந்தண்டலத்தில் நான் கேட்க, அவள் பக்கத்தில் நிற்க, அவள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றினோம். வெள்ளிக்கிழமை வேறு. ஒரு பெண்ணாவது அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டுமே. சிலர் சிரித்தார்கள், சிலர் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். கடைசியாக அவள் வீட்டுக்கே போனோம். அவள் அம்மா கோவிந்தம்மாள் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நெறைஞ்சி கீதுமா, எய்திக்க" என்றார் என்னிடம்.

வளர்மதி தரையில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "யம்மா, ஒரே ஒரு வாட்டி இல்லன்னு சொல்லு. நீ சொன்னா பக்கத்து வூட்டுல சொல்வாங்க. தெருவுக்கே அரிசி வரும்."

"வெளக்கு வெக்கிற நேரத்துல என் வாயால அத வரவைக்கப் பாக்குறியா? இன்னிக்கி பானை காஞ்சா நாளைக்கி ரொம்பும். லச்சுமி கோச்சிக்கினு பூட்டான்னா யாருடி கூட்டியாருவா?"

வளர்மதி கத்தினாள், கெஞ்சினாள், அழுதாள். கோவிந்தம்மாள் திரியைத் திரித்துக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த அம்மாளின் மேலும் ஆத்திரம், சாரின் மேலும் ஆத்திரம். இரண்டு பக்கமும் சுவர், நடுவில் இவள்.

வகுப்பு முடிகிற நாளில் அறக்கட்டளைக்காரர்கள் வந்து மேடையில் உட்கார்ந்தார்கள். பெருநகர்க் கணக்கெடுப்புதான் சிறந்தது என்று வளர்மதியைக் கூப்பிட்டு, நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நான் காவாந்தண்டலம். எங்க வூட்டுல அரிசி இல்ல. எங்க தெருவுல எந்த வூட்லயும் இல்ல" என்று மட்டும் சொன்னாள். சொல்லி முடித்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளும் அந்தத் தெருவில் வளர்ந்தவள்தானே.

ஐசக் சார் எழுந்து, தெருவில் மற்றவர்கள் தங்கள் வாயால் சொல்லவில்லை, ஒரு வீட்டை வைத்து ஊரை முடிவு செய்ய முடியாது என்று வருத்தத்தோடுதான் சொன்னார். அறக்கட்டளைக்காரர் ஒருவர் பெரிய மனசு பண்ணி, பரவாயில்லை, சொன்ன அந்த ஒரு வீட்டுக்காவது அனுப்பிவிடுகிறோம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைகளை முறித்துப் போடலாம் போல எனக்கு வந்தது.

அடுத்த வாரம் பெருநகருக்கு லாரி போனது. காவாந்தண்டலத்துக்கு ஒரு ஜீப்பில் ஒரே ஒரு மூட்டை வந்தது. அன்று நான் வளர்மதி வீட்டில் இருந்தேன். ஜீப்காரர் தெரு முனையில் இறங்கி, "அரிசி இல்லன்னு சொன்ன வூடு எதுமா?" என்று சத்தம் போட்டுக் கேட்டுக்கொண்டே வந்தார். கதவுகள் திறந்தன. தெருப் பெண்கள் எல்லோரும் வாசலில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வளர்மதி நடையிலிருந்து எழுந்தாள். அதற்குள் கோவிந்தம்மாள் வெளியே போய், வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"அப்பிடி ஒரு வூடு இந்தத் தெருவுல இல்லப்பா" என்றார்.

ஜீப்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு மூட்டையோடு வண்டியைத் திருப்பினார். பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். வளர்மதி அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டில் கேழ்வரகுக் கூழ், எனக்கும் ஒரு சொம்பு கொடுத்தார்கள்.