ஞானமுத்து அண்ணாச்சியின் சுத்தியல்

ஞானமுத்து அண்ணாச்சி இறந்த செய்தியை அவர் மகள்தான் சேத்தூரிலிருந்து போனில் சொன்னாள். "அத்தை, அப்பா காலையில போயிட்டாவ. உங்களுக்குத்தான் முதல்ல சொல்லுதேன்." எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இந்த மாதச் சங்கக் கூட்டத்துக்கு வாரேன் என்று சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு வராமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

நம் பிளாஸ்டிக் பட்டறைக்காரர் சங்கத்தின் நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் எதையும் மறக்கிறவள் இல்லை. அண்ணாச்சி செய்த நன்மையும் ஞாபகம் இருக்கிறது. எல்லார் முன்னாலும் என்னைத் தலைகுனிய வைத்ததும் ஞாபகம் இருக்கிறது. இரண்டையும் எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தகரக் கொட்டகையில் கை மிஷின் வைத்திருந்தேன். நைலான் குருணையை உருக்கி, கைப்பிடியை இழுத்து அழுத்தினால் அச்சுக்குள் இறங்கும். இராஜபாளையத்து நூல் மில் ஒன்றுக்கு புஷ் போட்டுக் கொடுத்தோம். சுற்றுகிற தண்டு தேயாமல் இருக்க மாட்டுகிற சின்ன வளையம் அது. என்னோடு வன்னியம்பட்டியிலிருந்து மூன்று பெண்கள் வேலைக்கு வந்தார்கள். எங்கள் புஷ் மில்லில் விரிசல் விட்டுக்கொண்டே இருந்தது. "இன்னும் ஒரு தடவை பார்ப்போம். அதுவும் உடைஞ்சா வெளியூர்ல வாங்கிக்கிடுவோம்" என்று ஸ்டோர்காரர் சொல்லிவிட்டார். அந்த ஒரு மில்லை விட்டால் எங்கள் நாலு பேருக்கும் வேலை கிடையாது.

நம் சங்கம் அப்போது இராஜபாளையத்தில் ஒரு மாடி அறை. சரக்கு வாங்கச் சிபாரிசுக் கடிதம், வருசத்துக்கு ஒரு விருந்து, அம்புட்டுதான். சொந்தப் பட்டறை வைத்திருந்த அண்ணாச்சி செயலாளராக வந்து, மாதக் கூட்டத்தின் நடுவில் ஒரு மேசையைப் போட்டார். "நல்ல சாமானைப் பார்க்க மில்லுக்காரன் இருக்கான். கெட்டுப்போனதை இங்க கொண்டாங்க" என்றார். யார் கொண்டு வருவார்கள்? பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரே நம் வாடிக்கையைப் பிடிக்கக் காத்திருக்கிறார். எல்லாரும் பளபளவென்று இருந்ததைப் பொறுக்கி எடுத்துப் போய் வைத்தார்கள். நானும் அப்படித்தான் வைத்தேன்.

அண்ணாச்சி என் புஷ்ஷை எடுத்தார். சுத்தியலால் ஒரே போடு. இரண்டாகப் பிளந்தது. உள்ளே பூராவும் குமிழி. பாட்டில் மூடி போடுகிற ஒருவர், பெயரை எழுத மாட்டேன், அவருக்கே தெரியும், "யக்கா, புஷ் கேட்டா பணியாரமுல்லா சுட்டுக் கொண்டாந்திருக்கீக!" என்றார். அறையே சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. அதற்காக நான் அவரை விட்டுவிடவும் இல்லை. பஸ்ஸில் வீடு வந்து சேருகிற வரைக்கும் மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டார்.

"இன்னும் எதை உடைக்கணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் உடைக்கல தங்கச்சி. ஓரமா உக்காந்து பாத்துட்டுப் போறேன்."

நான் வழக்கம்போல் குருணையைச் சட்டியில் கொட்டி, மூன்று தண்ணீர் விட்டுக் களைந்தேன். தூசி இருந்து கரும்புள்ளி விழுந்ததென்று மில்லில் ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து களைந்து உலர்த்தாமல் நான் போட்டதே இல்லை. அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன தங்கச்சி, பொங்கலா வைக்கப் போற?"

"சுத்தமா இருக்க வேண்டாமா?"

"எம்புட்டுச் சுத்தம்! ஏ தாயி, நைலான் தண்ணி குடிக்கும். வெளிய காஞ்ச மாதிரி இருக்கும். உள்ள குடிச்ச தண்ணி உருக்கும்போது ஆவியாகிக் குமிழி விடும்."

என்னோடு வேலை பார்த்த பேச்சியம்மாள், "நான் அப்பவே சொன்னேம்லா" என்றாள். அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

பக்கத்தில் பால்கோவா கிண்டுகிற வீடு. பால் இறக்கின பொறவு அந்த அடுப்பு எவ்வளவு நேரம் சூடாக இருக்கும் என்று கேட்டார். களையாத குருணையைத் தகர டின்னில் போட்டு, தணல் வாரின அடுப்பில் வைத்து, சூடு ஆறுவதற்குள் மிஷினில் போடச் சொன்னார். அதோடு விட்டாரா? போட்டு முடித்த புஷ்ஷைக் கொதிக்கிற தண்ணீரில் அவிக்கவும் சொன்னார்.

"களைஞ்சா தப்பு, அவிச்சா சரியா? என்னையப் பைத்தியக்காரின்னு நினைச்சீகளா?"

"உருக்கதுக்கு முன்ன குடிச்சா குமிழி. உருக்கின பொறவு குடிச்சா உறுதி. நம்பாட்டி சுத்தியல் இருக்குல்லா."

இரண்டு நாள் கழித்து அதே சுத்தியலோடு வந்தார். நானே வாங்கி, இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து அடித்தேன். புஷ் துள்ளி, தகரத்தில் மோதி, அவர் காலடியில் விழுந்தது. ஒரு கீறல் இல்லை. பேச்சியம்மாள் குலவை போட்டாள்.

மில்லில் ஒரு மிஷினுக்கு மாட்டிப் பார்த்தார்கள். ஒரு மாதம் ஓடியும் ஒன்றுகூட உடையவில்லை. பொறவு மில் முழுக்க எங்கள் புஷ்தான்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு பை நிறைய உடைந்த புஷ்ஷோடு போனேன். மேசையில் கொட்டினேன். "அரிசி மாதிரி களைஞ்சேன். அதான் உடைஞ்சது. இனிமே யாரும் களையாதீக" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பாட்டில் மூடிக்காரர், கோணிப்போன மூடிகளைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். "அண்ணாச்சி, இது ஏன் கோணுது?" என்றார். அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள், "பணியாரச் சட்டியில போட்டுப் பாருங்க" என்றேன். இந்தத் தடவை அறை சிரித்த சிரிப்பில் மூடிக்காரரும் சேர்ந்துகொண்டார். நான் சேரவில்லை.

அந்த மேசை அதற்குப் பிறகு காலியாக இருந்ததே இல்லை. தொண்ணூறுகளில் சங்கமே எல்லாருக்கும் பொதுவாக ஒரு உலர்த்தும் பெட்டி வாங்கிப் போட்டது. எங்கள் முறை வருகிற நாளில் இறுக்கி மூடின குருணை டின்னோடு டவுன் பஸ் ஏறுவேன். பேச்சியம்மாளும் இன்னொருத்தியும் பின்னால் சொந்த மிஷின் வைத்து, சங்கத்தில் உறுப்பினர் ஆனார்கள்.

அண்ணாச்சி பொறுப்பிலிருந்து இறங்கின அன்றைக்குச் சுத்தியலை என் கையில் கொடுத்தார். "கோவக்காரி கையிலதான் இது இருக்கணும்" என்றார். முதல் ஆளாக அவர் பட்டறையில் போட்ட பல் சக்கரத்தை மேசையில் வைத்தார். அடித்தேன். இரண்டாய்ப் போனது. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தது அவர்தான்.

"கோவம் தீந்துச்சா தங்கச்சி?"

"தீரல" என்றேன்.

இன்னும் தீரவில்லை அண்ணாச்சி. அதையும் வைத்திருக்கிறேன், சுத்தியலையும் வைத்திருக்கிறேன். பிடி இரண்டு தடவை மாற்றியாயிற்று; தலை நீங்கள் கொடுத்ததுதான். இந்த மாதக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் யாரும் மாலை வாங்கிக்கொண்டு வர வேண்டாம். கெட்டுப்போனதைக் கொண்டு வாருங்கள்.