விற்கவில்லையும் விற்பதில்லையும்

குன்னம் பக்கத்தில் ஒரு சோளக்காட்டை ஒட்டி அந்த வெங்காயப் பட்டறையை முதன்முதலில் பார்த்தபோது, யாரோ வேலி கட்டக் கொண்டுவந்த படலையும் கீற்றையும் பாதியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கல் அடுக்கி, அதன்மேல் கம்பு பரப்பி, நாலு பக்கமும் படல் கட்டி, மேலே கீற்று வேய்ந்திருந்தது. உள்ளே சின்ன வெங்காயம். தாளோடு கொத்துக் கொத்தாகக் கட்டி, காற்று புகுந்து வெளியேற இடம் விட்டு அடுக்கியிருந்தார்கள். நான் அரியலூரில் சிமென்ட் புழுதி படிந்த தெருவில் வளர்ந்தவன். வெங்காயத்தோடு எனக்கிருந்த உறவெல்லாம் சாம்பாரோடு சரி. அப்படிப்பட்டவனைத்தான், சிறு விவசாயிகளின் நிலம் இன்னும் பத்து வருஷம் தாங்குமா என்று மதிப்பிட்டு வரும்படி ஒரு தொண்டு நிறுவனம் ஊர் ஊராக அனுப்பியது.

என் கையில் நாலு பக்கப் படிவம் இருந்தது. கேள்விகளையெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் 'நிலைக்கும்', 'நிலைக்காது' என்ற இரண்டில் ஒன்றை நான் எழுத வேண்டும். நிலைக்கும் என்றால் கிணற்றை ஆழப்படுத்திக் கொடுப்பார்கள். நிலைக்காது என்றால் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போய்விடுவோம். பட்டறைக்குச் சொந்தக்காரரை ஊரே மேட்டுக்காட்டு அக்கா என்றுதான் கூப்பிட்டது. நாற்பது வயது இருக்கும். அவரும் கணவரும் பல வருஷம் அடுத்தவர் காட்டில் களை வெட்டி, வெங்காயம் அறுத்து, அந்த ஒன்றரை ஏக்கரை வாங்கியவர்கள். அவர்கள் இரண்டு பேர் வம்சத்திலும் முதல் நிலம் அதுதான். சித்திரை பிறந்தால் கிணற்று மோட்டார் பத்து நிமிஷம் தண்ணீர் இறைத்துவிட்டு இருமத் தொடங்கிவிடும். "கெணத்த மட்டும் இன்னும் பத்தடி எறக்கிட்டாப் போதும் சார், அப்புறம் யாரையும் கேக்க மாட்டேன்" என்றார்.

பட்டறையைக் காட்டி, "இதெல்லாம் விக்கலையாக்கா?" என்று கேட்டேன்.

"விக்கிறதில்லைங்க சார்" என்றார்.

நான் 'விற்கவில்லை' என்று எழுதினேன். பள்ளிக்கூடத்தில் தமிழுக்குப் பரிசு வாங்கியவன்தான். விற்கவில்லை என்றால் வாங்க ஆளில்லாமல் கிடக்கிறது என்று பொருள். விற்பதில்லை என்றால் அது ஒருவர் யோசித்து எடுத்த முடிவு. இந்த வித்தியாசம் அன்று என் மண்டையில் ஏறவில்லை. தண்ணீர்ப் பற்றாக்குறை, பாதி மானாவாரியான நிலம், விற்காமல் தேங்கிய சரக்கு என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்து 'நிலைக்காது' என்று எழுதிவிட்டு பஸ் ஏறினேன். அது மாசி மாதம்.

வைகாசிக் கடைசியில் மறுபடி போனேன். மதிப்பீட்டைப் படித்துக் காட்டி விவசாயியிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. அதற்குள் கோடை மழை ஒரு வாரம் விடாமல் அடித்து, சித்திரையில் முதல் மழையை நம்பி நட்ட வெங்காயமெல்லாம் கோழிக்கால் நோய் வந்து போயிருந்தது. பயிர் கோழிக்கால் மாதிரி முறுக்கிக்கொண்டு, காய் அடியில் அழுகிவிடும். வழி நெடுக உழுதுபோட்ட காடுகளைப் பார்த்துக்கொண்டே போனேன். அக்காவின் காடும் அப்படித்தான் கிடந்தது. எழுதியது சரியாகத்தான் போயிற்று என்று எனக்குள் ஒரு சின்னத் திருப்திகூட வந்தது. இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பட்டறை திறந்திருந்தது. ஏழெட்டுப் பேர் கூடையும் சாக்குமாக நின்றார்கள். அக்கா உள்ளே குனிந்து கொத்துக் கொத்தாக எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார். வரிசையில் முதலில் நின்றவர் ஐந்து ஏக்கர்க்காரர். அவர் காட்டுக்கு 'நிலைக்கும்' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பேருக்கும் அதையேதான் எழுதியிருந்தேன்.

சின்ன வெங்காயத்தில் காயையேதான் விதையாக நடுவார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "எல்லாமே வெதையாக்கா?" என்றேன்.

"பின்ன? ஒரு நடவு மழைக்கு, ஒரு நடவு நமக்கு. ரெண்டு நடவுக்கு எடுத்து வச்சாத்தான் சார் இந்த ஊர்ல வெவசாயம்."

வெங்காயம் நல்ல விலை போன நாட்களிலும் வியாபாரி வந்து கேட்டுக் கேட்டுப் போயிருக்கிறார். அக்கா தொடவிடவில்லை. இப்போது ஊரில் விதை மிச்சமிருந்தது அந்த ஒரு பட்டறையில்தான். அப்படிக் கட்டிக் காத்ததை அவரே வாரிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "உங்களுக்குப் பத்துமா?" என்று கேட்டேன். "முக்கா ஏக்கருக்கு வரும். மிச்சத்துல சோளம் போட்டுக்கறேன்" என்றார். கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல, குனிந்திருந்த அந்த மனுஷியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்தவரை நம்பி இருக்கிறாரா என்று என் படிவம் அவரிடம் கேட்டிருந்தது. அவரை நம்பி யாராவது இருக்கிறார்களா என்று கேட்க அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

பிற்பாடு நான் வேறு படிவம் எழுதியதும், அதற்காக ஆபீசில் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும், கடைசியில் அக்காவின் கிணறு பத்தடி இறங்கியதும் உண்மை. இன்றும் அதே வேலையில்தான் இருக்கிறேன். படிவம் இப்போது போனுக்குள் வந்துவிட்டது. அந்தக் கட்டத்தை இன்னும் யாரும் சேர்க்கவில்லை.

அன்று பழைய படிவத்தை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. எல்லோரும் போனபிறகு அவரிடம் நீட்டி, "தப்பாப் புரிஞ்சிக்கிட்டு உங்க காடு நிலைக்காதுன்னு எழுதிட்டேன்க்கா, மன்னிச்சிக்குங்க" என்றேன். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் ஒரு கணம் வாடியது.

"இப்பப் போனாங்களே, அவங்களுக்கெல்லாம் என்னன்னு எழுதினீங்க?"

"நிலைக்கும்னு."

வெங்காயச் சருகு பறக்கச் சிரித்துவிட்டார்.

"நல்லவேளை சார், காலையிலயே வெத குடுத்துட்டேன். இல்லாட்டி நீங்க எழுதினது அத்தனையும் பொய்யாப் போயிருக்கும்."