சாய்ந்து பார்த்து வாங்கிய சுவர்

"சாயுங்க. நல்லா சாயுங்க. பஸ் ஸ்டாண்டுல தூணைக் கண்டா எப்படிச் சாய்வீங்க, அப்படி!"

டைல்ஸ் கடையில் நாலு பேர் பார்க்க, தையல்கார அத்தை தன் வீட்டுக்காரரைப் பளபளப்பான மாதிரிப் பலகையில் சாய்த்துப் பார்க்கிறாள். மாமா நெளிகிறார்.

"சில்லுனு இருக்குடி."

"அப்ப வேணாம். அடுத்தது."

"அம்மா, இது சுவருக்கா, மெத்தைக்கா?" என்கிறார் கடைக்காரர்.

துணியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்காமல் அத்தை கத்தரி வைத்ததில்லை. சுவருக்கு விரல் போதவில்லை. மாமாவின் முதுகே வேண்டியிருக்கிறது.

அவர்கள் அடுப்படி ரயில் பெட்டி நடைபாதை போல. ஒருவர் நுழைந்தால் மற்றவர் சுவரோடு ஒட்டிப் பல்லியாக வேண்டியதுதான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மாமாவுக்குக் கூடத்தில் 'ம்', 'ம்ஹூம்' தவிர வாயில் எதுவும் வராது. அடுப்புக்கு எதிர்ச் சுவரில் முதுகு பட்டால் மட்டும் பேச்சுக்குப் பிரேக் பிடிக்காது. என்றோ ஏறி இறங்கிய பயணிகள் எல்லாம் கதையில் வந்துவிடுவார்கள். அத்தை வெங்காயம் நறுக்கியபடி கேட்பாள், திட்டுவாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு வெங்காயத்தின் மேல் பழியைப் போடுவாள்.

அந்தச் சுவரில் அவர் தலையும் முதுகும் பட்டுப்பட்டு ஓர் ஆள் உயரக் கறை. "மானம் போகுதும்மா. ரெண்டு பக்கமும் வெள்ளையா டைல்ஸ் ஒட்டிடலாம்" என்றாள் மகள்.

"முதுகு குளிர்ந்தா அந்த மனுஷன் கூடத்துக்குப் போயி உக்காந்துடுவாரு. அப்புறம் நான் குக்கர்கூடப் பேசவா?"

கடைசியில் அடுப்புப் பக்கம் மட்டும் டைல்ஸ். எதிர்ப்பக்கம் வெறும் பூச்சு. மேலே பளபளக்காத பெயின்ட். மாமாவின் முதுகு ஒப்புக்கொண்டது அதை மட்டும்தான்.

வேலை முடிந்து அடுப்பு பற்றவைத்த அன்று, மாமா கையைக் கட்டிக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க."

"ம்ஹூம்."

"சாயத்தானே இவ்வளவு கூத்தும்?"

"புதுசுடி. அழுக்காயிடும்." சொல்லிவிட்டுக் கூடத்துப் பக்கம் திரும்பினார்.

தரையில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் வீட்டையே நிற்கவைத்து விசாரிக்கும் அத்தை, கரண்டியைக் கீழே வைத்தாள். நுனிக்காலில் எக்கி, எதிர்ப்பக்கப் புதுச் சுவரில் அவர் தலை படும் உயரத்தில், எண்ணெய்க் கையை ஐந்து விரலும் பதிய அழுத்தினாள்.