தூண் கல்யாணத்துக்குக் குறுக்கே வந்த சட்டங்கள்

மதுக்கடை முதலாளியைத் 'தூண்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆள் இருந்த இடத்தை விட்டு அசையமாட்டார். அசையக் கூடாது என்பது சட்டம். கடை திறந்திருக்கும் நேரம் முழுக்க உரிமம் வாங்கியவரோ அவர் மனைவியோ உள்ளே இருந்தாக வேண்டுமாம். மனைவிக்கு அவர் எங்கே போவார்? காலையில் திறந்தால், ஊர் அடங்கிய பிறகுதான் சாத்தலாம். முன்பு கடையை நடத்திய அவருடைய அப்பா போனதிலிருந்து பாவம், மனுஷன் வெயிலைப் பார்த்ததெல்லாம் ஜன்னல் வழியாகத்தான்.

அந்த ஜன்னலுக்கே ஒரு சரித்திரம் உண்டு. குடிப்பவர்கள் தெருவில் போகிறவர் கண்ணில் படக் கூடாது என்று ஒரு காலத்தில் சட்டம் வந்தது. அப்பா திரை போட்டார். உள்ளே என்ன கூத்து நடக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, அடுத்து ஆட்சிக்கு வந்தவர்கள் திரையைக் கழற்றச் சொன்னார்கள். பழைய சட்டத்தை ரத்து செய்ய மட்டும் மறந்துவிட்டார்கள். அப்பா திரையைப் பாதியாக வெட்டி, இரண்டு சட்டத்துக்கும் பாதி மரியாதை கொடுத்தார்.

அந்தப் பாதித் திரைக்கு மேலாக எட்டிப் பார்த்துத்தான் தூண் எதிர்க்கடைத் தையல்காரியைக் காதலித்தார். தெருவுக்குக் குறுக்கே சத்தம் போட்டே காதல் வளர்ந்தது. வெட்கமாவது ஒன்றாவது!

கல்யாணம் என்று வந்தபோதுதான் வில்லங்கம். பகலில் கடையைப் பூட்டினால் உரிமம் போய்விடும். சரி, பதிவாளரையே கடைக்கு அழைத்து வரலாம் என்றால், உரிமம் வாங்கியவரின் மனைவியைத் தவிர வேறு பெண்கள் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது.

"கல்யாணம் ஆகாம நான் உள்ள வர முடியாது. நீங்க வெளிய வர முடியாது. எந்தப் புண்ணியவான் இதை எழுதினான்?" என்றாள் தையல்காரி.

"நீ வேற யாரையாவது பாத்துக்கோ," என்றார் தூண்.

"வாயை மூடுங்க. வாசப்படின்னு ஒண்ணு இருக்குல்ல?"

மறுநாள் படிக்கு உள்ளே அவர், வெளியே அவள். பதிவாளர் அங்கே ஒரு கால், இங்கே ஒரு காலாக நின்றார். சாட்சிக்கு நிதானத்தில் இருக்கும் ஆள் வேண்டும் என்றார். கடைக்குள் தேடினார்கள். மாப்பிள்ளையை முந்திக்கொண்டு ஒருவர் ஏற்கெனவே "சம்மதம், சம்மதம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், யாரோ புகார் சொல்லி ஓடி வந்த கலால் இன்ஸ்பெக்டர்தான் அகப்பட்டார். பெண்ணின் செருப்பு நுனி படிக்குள் நுழைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். நுழையவில்லை. வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

தையல்காரி ஜம்மென்று உள்ளே வந்து தூணின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இனி நான் இருந்தா போதும்ல சார்?"

"போதும்மா. அவர் இல்லேன்னா நீங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"கேட்டீங்களா? போங்க, காலாற நடந்துட்டு வாங்க."

தூண் படியிறங்கினார். வெயில் சுள்ளென்று முகத்தில் அடித்தது. அடேயப்பா, எவ்வளவு நீளத் தெரு! எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றார். பிறகு அசட்டுச் சிரிப்போடு திரும்பி, "நீயும் வாயேன், சேர்ந்து போலாம்," என்றார்.

"நான் எப்படிங்க வர்றது?" என்றாள் அவள். "கடை திறந்திருக்குல்ல."