கொசுறுக்காரரின் முதலாளி

இஸ்திரிக்கடை அக்கா காலையில் கடையைத் திறந்து, சுவரில் மாட்டிய சாமி படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நிற்கும் நேரத்தில், பக்கத்துக் கறிக்கடையில் கத்தி கட்டையில் விழாது. தன் பிரார்த்தனையில் மனம் அப்படி ஒன்றிவிடுவதால்தான் கத்திச் சத்தம் காதில் ஏறவில்லை என்று அக்கா வெகுகாலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் தலைவலி தாங்காமல் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கறிக்கடைக்காரரின் குரல் கேட்டது.

"கொஞ்சம் பொறுங்க சார். அக்கா இன்னும் முடிக்கல. இன்னிக்கு சாமிகிட்ட ஏதோ பெரிய கேஸ் போல."

அக்கா இதைத் தெரிந்துகொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவரும் போன வாரம் வரை சொன்னதில்லை.

கறிக்கடைக்காரருக்குத் தெருவில் வைத்த பெயர் கொசுறு. எடை சரியாக நின்றதும் அவர் கை ஒரு துண்டை எடுத்து மேலே போட்டுவிடும். "அளந்து குடுத்துட்டுச் சும்மா இருன்னா இந்தக் கை கேக்க மாட்டேங்குதுக்கா," என்பார். சண்டை போட்டுவிட்டுப் போகிறவருக்கும் கொசுறு உண்டு. கூரைமேல் உட்கார்ந்திருக்கும் காக்கைக்கும் உண்டு. "என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு எங்க அம்மா கையில ரெண்டு எலும்பைக் குடுத்துட்டுப் போனாரு," என்று அவர் மனைவி இன்னும் சொல்லிச் சிரிப்பாள்.

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு காது மடிந்த பழுப்பு நிற நாய் உட்கார்ந்திருக்கும். அதன் பெயர் முதலாளி. யாராவது விலை குறைத்துக் கேட்டால், "நான் வெறும் வேலைக்காரன். முதலாளியைக் கேளுங்க," என்று நாயைக் கை காட்டுவார். வெட்டும்போது சிதறுகிற துண்டெல்லாம் முதலாளியின் பங்கு. அதில் ஈரல் என்றால் அதற்கு உயிர்.

போன வருஷம் முதலாளிக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. வயிறாரத் தின்றுவிட்டுச் சற்று நேரத்தில் எழுந்து, தள்ளாடி நடந்து, அக்காவின் கடைக்குள் நுழையும். சாமி படத்துக்கு நேர் கீழே சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு அசையாமல் நிற்கும். அக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நாயின் கால் நோகக் கூடாதென்று ஒரு பழைய போர்வையை மடித்துப் போட்டாள். துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், "சத்தம் போடாதீங்க, கும்பிடுது," என்றாள்.

"தம்பி, உன் நாய்க்கு இருக்கிற பக்தியில பாதி உனக்கு இருக்கா?"

"நான் இங்க பண்ற பாவத்துக்கெல்லாம் அது அங்க வந்து மன்னிப்பு கேக்குதுக்கா. வீட்டுக்கு ஒரு ஆள் கேட்டாப் போதாதா?"

அடுத்து முதலாளியின் வயிறு பெருத்தது. தெருவே குட்டி போடப் போகிறது என்று முடிவுகட்டியது. பிறக்காத குட்டிகளைக் கறி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அவர் கொசுறாக வாக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் வயிறு பெருக்கப் பெருக்க முதுகெலும்பு துருத்தியது. வெள்ளைச் சட்டையில் படியும் மஞ்சளைத் தினமும் பார்க்கிற அக்காவின் கண்தான் முதலில் கண்டுபிடித்தது. "தம்பி, இது கண்ணைப் பாரேன். வெள்ளையே இல்லை."

கடையை அப்படியே போட்டுவிட்டு இருவரும் நாய் டாக்டரம்மாவிடம் ஓடினார்கள்.

"குட்டியெல்லாம் இல்லைங்க. வயித்துல தண்ணி கோத்திருக்கு. ஈரல் நாள்பட்டுச் சுருங்கிப் போச்சு," என்றார் டாக்டரம்மா. "சுவத்துல தலையை வச்சு முட்டிக்கிட்டு நிக்குதா?"

"ஆமாங்க, தினமும் கும்பிடும்," என்றாள் அக்கா, பெருமையோடு.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஈரல் சுத்தம் பண்ண வேண்டிய நஞ்சு மூளைக்குப் போகுதும்மா. கறி தின்னா இன்னும் அதிகமாகும். தலை கலங்கிப் போய்த்தான் அப்படி நிக்குது."

அக்காவின் முகம் தண்ணீர் தெளித்த துணிபோல் சுருங்கியது. கறிக்கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "என் கையாலதான் வந்துச்சா?"

"எதனாலன்னு சொல்ல முடியாது. போனது திரும்பி வராது. ஆனா கறியும் உப்பும் இல்லாமப் பாத்துக்கிட்டா, இன்னும் கொஞ்ச நாள் நல்லா இருக்கும்."

"நான் கறிக்கடைக்காரங்க."

"தெரியுது. ஏப்ரனோடயே வந்திருக்கீங்க."

வரும் வழியெல்லாம் அவர் முனகினார். "ஈரலை வெட்டி விக்கிறவன் நாய்க்கு ஈரல் இல்லையாம். கேட்டா ஊரே சிரிக்கும்."

மறுநாள் கடையில் ஒரு அட்டை தொங்கியது: 'முதலாளிக்கு யாரும் கறி போடாதீர்கள். முக்கியமாக நான்.' தெரு அட்டைக்குக் கட்டுப்பட்டது. அவர் கைதான் கட்டுப்படவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் முதலாளி மடிந்த காதோடு அண்ணாந்து பார்த்ததும், ஒரு துணுக்கு ஈரல் தானாகக் கீழே விழுந்தது. மாலைக்குள் முதலாளி எச்சில் வடியத் தள்ளாடி வந்து சுவரில் முட்டி நின்றது. அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"போட்டியா?"

"விழுந்துருச்சுக்கா."

"உன் கையிலிருந்து எது விழுந்தாலும் அடுத்தவங்க வாயிலதான் விழும். எனக்குத் தெரியாதா? இனிமே முதலாளிக்கு என் கடையிலதான் உத்தியோகம்."

அன்றிலிருந்து வியாபார நேரம் முழுக்க முதலாளி அக்காவின் மேசைக்குக் கீழே வெதுவெதுப்பில் படுத்திருக்கிறது. மதியம் அவர் ஏப்ரனைக் கழற்றிப் போட்டுவிட்டு, சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவி, கையை முகர்ந்து பார்த்து, மறுபடியும் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவார். உப்பில்லாத சோறும் பால்கட்டியும் பிசைந்து நாய்க்கு ஒரு தட்டு, தனக்கு ஒரு தட்டு. "முதலாளி சாப்பிடுறதைத்தானே வேலைக்காரன் சாப்பிடணும்," என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விழுங்குவார். டாக்டரம்மா கொடுத்த இனிப்பு சிரப் நஞ்சை வயிற்றுப்போக்கோடு வெளியே தள்ளிவிடும். தள்ளுவது பெரும்பாலும் அக்காவின் வாசலில். வாளியும் துடைப்பமுமாக அவர்தான் ஓடிவருவார். "கொசுறுக்கா, கொசுறு. கோச்சுக்காதீங்க."

முதலாளியின் தள்ளாட்டம் நின்றது. வயிறு கொஞ்சம் வற்றியது. கண்ணில் மஞ்சள் மட்டும் போகவில்லை.

போன வாரம் மகளின் பிரசவத்துக்காக அக்கா ஊருக்குக் கிளம்பினாள். பஸ் ஏற்றிவிட அவர் முதலாளியோடு வந்தார். அக்கா கடைச் சாவியை அவரிடம் கொடுத்தாள். நாய் படுக்க அந்த இடம் வேண்டுமே. சிரப்பை எப்போது கொடுக்க வேண்டும் என்று மறுபடியும் ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டுக் குனிந்து முதலாளியின் மடிந்த காதை நீவிவிட்டாள். திரும்பி வரும்போது மேசைக்குக் கீழே அது இருக்குமா என்று கேட்க வாய் வரவில்லை.

எதையாவது எடுத்துக் கொடுக்க அவர் கை வழக்கம்போல் சட்டைப்பைக்குள் போனது. முதலாளி மூக்கைத் தூக்கியது. கை வெறுமனே வெளியே வந்தது. அதை அப்படியே விரித்து நீட்டினார். முதலாளி அந்த வெறுங்கையை நக்கத் தொடங்கியது. பஸ் நகரும்போது அவர் ஜன்னலோடு சேர்ந்து நடந்தார்.

"நீங்க இல்லாட்டியும் கும்பிடுற நேரத்துக்குக் கத்தியெடுக்க மாட்டேன்க்கா. உங்க எடத்துல நானே போய் நிக்கிறேன். என்ன சொல்லிக் கும்பிடணும்னுதான் தெரியல. அளந்து குடுத்ததுக்கு மேல முதலாளிக்குக் கொசுறா கொஞ்ச நாள் போட்டுக் குடு சாமின்னு கேட்டா... தப்பில்லையேக்கா?"