முசிறிக்காரிக்கு ஒரு போத்தல் மருந்து

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவனுக்கு நோயைப் பற்றித் தெரிந்தால் மட்டும் போதாது. நோய் யாருக்கு வரலாம், யாருக்கு வரக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் அந்த வேலை பார்த்தேன். நான் டாக்டர் இல்லை, டிஸ்பென்சர். ஆனாலும் சனங்கள் 'டாக்டரையா' என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் பேர் பதிந்த தொழிலாளிக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் மருந்து இலவசம் என்பது எங்கள் தோட்டத்து விதி. மனைவியைப் பற்றி விதியில் ஒரு வார்த்தையும் கிடையாது. தோட்டத்தில் மனைவி என்றால் அவளும் கொழுந்தெடுக்கிறவள்தான், அவள் பேரும் செக்ரோலில் இருக்கும் என்று விதி எழுதிய புண்ணியவான் நினைத்திருக்கிறார். அவர் நினைக்காததெல்லாம் என் தலையில் விடிந்தது. விதிக்கும் மனுசனுக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நீங்கள் நம்ம ஆள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆம்பளைக்கு மசக்கை

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துக்குப் பேர் கொடுக்கப் போகிற வழியில், நோயாளி காலிப் போத்தலை ஜன்னலில் வைத்து நோயைச் சொல்லிவிட்டுப் போவார். சாயந்திரம் வேலை முடிந்து திரும்பும்போது மருந்தோடு எடுத்துக்கொள்வார். போத்தல் மாறிவிடாமல் கழுத்தில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டியிருக்கும். ஒருநாள் சிவப்பு நூல் கட்டிய போத்தலோடு சிவனு வந்து நின்றான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். தும்மல் என்று கூட என் ஜன்னல் பக்கம் வராதவன்.

"காலையில எந்திரிச்சா கொமட்டுதுங்க. தேத்தண்ணி வாசனையே ஆகலை. புளிப்பா எதாச்சும் கெடச்சா தேவலைன்னு இருக்கு" என்றான். வேறென்ன என்று கேட்டேன். "தலை சுத்துதுங்க. சும்மா இருக்கையிலேயே அழுகை அழுகையா வருது." சொன்னவன் இடுப்பில் கவ்வாத்துக் கத்தி தொங்குகிறது, மீசை காது வரை போகிறது. நான் அங்கேயே குமட்டலுக்கு மருந்து கலக்கி, முதல் வேளையை என் கண் முன்னால் குடிக்கச் சொன்னேன். முதல் தடவை வருகிறவனுக்கு அது என் சட்டம். பாவம், முகத்தை எட்டுக் கோணலாக்கிக்கொண்டு குடித்து முடித்தான். "சிவனு, நாள் ஏதும் தள்ளிப் போயிருக்கா?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான்:

"ஆமாங்கையா. ஆனா எனக்கு இல்லைங்க."

வெளிநாட்டுக்காரி

அன்றைக்கே தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். சிவனு ஊருக்குப் போயிருந்தபோது முசிறிப் பக்கம் தன் அத்தை மகள் காமாட்சியைக் கட்டியிருந்தான். அவள் இப்போது விசிட் விசாவில் கப்பலேறி வந்திருக்கிறாள். எங்கள் தாத்தாமார் காலத்தில் அக்கரைக்கும் இக்கரைக்கும் வண்டி கட்டாத குறையாகப் போய்வந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சட்டத்தில் அவள் வெளிநாட்டுக்காரி. புருசனின் பழைய கோட்டைப் போட்டு, அதற்கு மேல் கம்பளியைச் சுற்றி, அடுப்படியில் நடுங்கிக்கொண்டிருந்தாள். பேசினால் எங்கள் லயத்துத் தமிழேதான் வந்தது. இவள் வெளிநாடு என்றால் நான் யார் என்று எனக்கே கொஞ்ச நேரம் குழம்பிவிட்டது.

அவளுடைய சிக்கல் இதுதான். விசிட் விசாவில் வந்தவள் வேலை செய்யக் கூடாது. வேலை செய்யாவிட்டால் செக்ரோலில் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் மருந்து இல்லை, பிரசவத்துக்குக் கட்டிலும் இல்லை. டவுனில் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறதே என்றேன். அங்கே போனால் பேப்பர் கேட்பார்கள், கேட்டதும் அவளைக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று சிவனு மிரண்டான். அப்படியெல்லாம் செய்ய மாட்டார்கள் என்று நான் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. அந்தக் காலத்தில் பேப்பர் என்ற சொல்லைக் கேட்டாலே லயத்தில் பச்சைத் தண்ணீர்கூட இறங்காது. போதாததற்கு, அந்த வளைவு ரோட்டில் வயிற்றுப்பிள்ளைக்காரியை பஸ்ஸில் ஏற்ற எனக்கே மனம் வரவில்லை. இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த காமாட்சி அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"மண்டபம் கேம்புல கண்ணைப் பெரட்டி, நாக்கை நீட்டச் சொல்லி, ஒரு நோயும் இல்லைன்னுதானுங்க கப்பல் ஏத்துனாங்க. அப்ப இது இந்த நாட்டுல வந்ததுதானே? இந்த நாட்டு மருந்தைக் குடுக்க என்னாங்க தடை?"

பெரட்டில் ஒரு புது முகம்

குமட்டல் மருந்தைச் சிவனுவின் பேரில் கொடுத்துச் சமாளித்தேன். தோட்டத்திலேயே மசக்கைக்கு மருந்து வாங்கிய ஒரே ஆம்பளை என்ற பேர் அவனுக்கு நிலைத்துவிட்டது. ஆனால் காமாட்சிக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. மருந்தை ரோசத்தோடு குடிக்க வேண்டும் என்று நினைக்கிற சாதி அவள்.

ஒருநாள் விடியற்காலையில், இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, பக்கத்துக் காம்பரா அக்காவிடம் இரவல் வாங்கிய கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, பெரட்டுக்களத்தில் பெண்களோடு வரிசையில் நின்றுவிட்டாள். பேர் பதிந்துவிட்டால் மருந்தும் கட்டிலும் தானாக வரும் என்பது அவள் கணக்கு. வேலை செய்ததாக ஒரு வார்த்தை வெளியே போனால் விசா பறிபோகும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நல்லவேளை, கணக்கப்பிள்ளை வருவதற்கு முன் கங்காணி பார்த்துவிட்டார். அடுத்த மலைக்குக் கேட்கிற தொண்டை அவருக்கு. அன்றைக்கு மட்டும் குரலைத் தாழ்த்தி, கூடையைத் தன் கையாலேயே கழற்றி வாங்கிக்கொண்டு சொன்னார்:

"தாயி, ஒன் பேரை எழுதுனா மருந்து கெடைக்கும். ஆனா அதைக் குடிக்கிறதுக்கு நீ இங்க இருக்க மாட்ட, மண்டபத்துல இருப்ப. வீட்டுக்குப் போ."

துரைசாணியும் அட்டையும்

அந்தச் சமயத்தில் எங்கள் உதவி மானேஜர் சின்னத்துரையின் மனைவியும் சீமையிலிருந்து வந்திருந்தாள். இந்த மலை பிடித்தால் இருப்பது, இல்லாவிட்டால் திரும்பிவிடுவது என்று ஒரு வெள்ளோட்டம். வந்த வாரமே குட்டைப் பாவாடையோடு காட்டோரம் பூப்பறிக்கப் போனாள். மழை விட்ட நேரம். அட்டைகளுக்கு அதைவிட நல்ல விருந்து வேறென்ன வேண்டும்? அவள் போட்ட சத்தம் ஆஸ்பத்திரி வரை கேட்டது. உப்பையும் அயடினையும் எடுத்துக்கொண்டு, தொப்பியைக்கூட மறந்து, பங்களாவுக்கு ஓடினேன். ஒவ்வொரு அட்டையாக உப்புப் போட்டு விழ வைத்து, மருந்து தடவி, கட்டுப் போட்டேன்.

திரும்பி வரும் வழியில் சிவனு கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான், என் கையிலிருந்த மருந்துப் பெட்டியைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் குனிந்துகொண்டான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது. அப்படியே திரும்பி பங்களாவுக்குப் போய், காமாட்சியின் கதையைச் சின்னத்துரையிடம் ஒப்பித்துவிட்டேன். துரைமார் பரீட்சைக்குப் படித்த தமிழில் அவர் மெல்ல மெல்லச் சொற்களைக் கோத்தார்:

"என் துரைசாணி பேர் செக்ரோல்லே இல்லே. அந்தப் பொம்பிளை பேரும் இல்லே. இங்கே மட்டும் நீ ஏன் ஓடி வந்தே?"

பெரிய கிளாக்கரின் தீர்ப்பு

ஏழாம் மாதத்தில் காமாட்சியின் கால் வீங்கியது. அடுத்து முகம் ஊதியது. எனக்குப் பயம் வந்துவிட்டது. மறைக்க ஒன்றுமில்லை, நல்ல பயம். தலைச்சன் பிள்ளை, இந்த வீக்கம், லயத்துப் புகை. தாயும் பிள்ளையும் இரண்டுமே போகலாம். அவளை உடனே ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க வேண்டும். ஒரு போத்தல் மருந்தை மறைத்துக் கொடுத்துவிடலாம். பிரசவத்தை எந்த அலமாரியில் மறைப்பது?

சிவனுவைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். விதி என்றால் விதி. தன் சொந்தத் தும்மலுக்குக்கூட லீவுக் கடிதம் எழுதுகிற மனுசன். பெரிய துரையும் விதி விசயத்தில் அவர் சொல்வதைத்தான் கேட்பார். சின்னத்துரை ஏற்கெனவே வந்து சொல்லிப் பார்த்து, "விதியை மாத்த ஏலாது" என்ற பதிலோடு போயிருந்தார். எங்களுக்கும் அதே பதில். மனதுக்குள் நான் அவரை வைத வசவை இங்கே எழுத முடியாது.

நாங்கள் வாசலுக்குப் போனபோது பின்னாலிருந்து கூப்பிட்டார். "வயித்திலை இருக்கிற பிள்ளை ஆற்றை?" சிவனுவுக்கு மூக்கு விடைத்தது. "என்னோடதுதானுங்க!" என்று கத்திவிட்டான். கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தாய்க்கு மருந்து இல்லை, அது விதி. தொழிலாளியின்ரை பிள்ளைக்கு மருந்து இருக்கு, அதுவும் விதி. பிள்ளை பிறந்திருக்க வேணும் எண்டு விதியிலை எங்கை கிடக்கு? நீர் பிள்ளையைக் கட்டிலிலை சேரும். தாய் பிள்ளைக்குத் துணையா நிக்கட்டும்."

துணைக்கு வந்தவள்

இப்படித்தான் பிறக்காத பிள்ளை ஒன்று எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளியாகச் சேர்ந்தது. போத்தலில் 'சிவனுவின் பிள்ளை' என்று எழுதி ஒட்டினேன். உப்பில்லாத கஞ்சி பிள்ளைக்கு. இடப்பக்கமாகப் படுக்க வேண்டியதும் பிள்ளை. காமாட்சி சும்மா துணை. மருத்துவச்சி ரோசலின் அக்காவும் அப்படியேதான் பேசுவார். "உங்க நோயாளி இன்னிக்கி உதைக்குதா?" என்பார். காமாட்சி, "ரெண்டு உதை குடுத்துச்சுங்க" என்று கணக்குக் கொடுப்பாள். கால் வீக்கம் மெல்ல வடிந்தது.

வலி கண்ட ராத்திரியில் பேய் மழை. ரோட்டில் மண் சரிந்து, டவுனுக்கு லொறி போக வழியில்லை. அவளுக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது, கண் மங்குகிறது என்றாள். எனக்குத் தெரிந்த மருந்தெல்லாம் கொடுத்துவிட்டு, வெளி விறாந்தையில் சிவனு பக்கத்தில் நின்றேன். நான் வேதக்காரன், அவன் முனியாண்டி பக்தன். எந்தச் சாமிக்குக் கேட்டதோ தெரியாது. விடிந்து, பெரட்டு கலைந்து பெண்கள் மலையேறுகிற நேரத்தில் உள்ளே ஒரு அழுகைச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. சிவனு என் கையைப் பிடித்த பிடியில் விரல் நொறுங்கிவிடும் போலிருந்தது. கதவைத் திறந்து ரோசலின் அக்கா தலையை நீட்டினார்:

"டாக்டரையா, நோயாளி பொம்பளப் புள்ள, நல்லா இருக்கு. தொணைக்கு வந்தவங்களும் நல்லா இருக்காங்க."

பிள்ளை வெளியே வந்த பிறகு

சந்தோசம் அடங்குவதற்குள் சிவனு அடுத்த சந்தேகத்தோடு வந்துவிட்டான். "புள்ளதான் வெளிய வந்திருச்சே, இனி அவளுக்கு எப்படிங்க மருந்து?" கேள்வி நியாயமானது. காமாட்சிக்குக் காய்ச்சல் வேறு. மறுபடியும் பெரிய கிளாக்கரிடம் ஓடினோம். பிள்ளை என்ன குடிக்கிறது என்று கேட்டார். தாய்ப்பால் என்றோம். "அப்ப பிள்ளையின்ரை சாப்பாடு பழுதாப் போகாமல் பாரும்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து எழுதத் தொடங்கினார். விசா முடிகிற நேரத்தில் அவளை நானே டவுனுக்குக் கூட்டிப் போனேன்; கைக்குழந்தைக்காரி கப்பலில் போகக் கூடாது என்று டவுன் டாக்டரும் எழுதிக் கொடுத்தார். டவுனில் யாரும் அவளைக் கப்பலேற்றவில்லை. விசாவும் நீண்டது.

பிள்ளைக்குப் பல் வந்தது, நடை வந்தது, ரொட்டியைக் கடித்து இழுக்கவும் தெரிந்துவிட்டது. இனி எத்தனை நாளைக்குப் பால் கணக்குச் சொல்லி மருந்து கொடுப்பது என்று எனக்குள் ஒரு கவலை. அப்படி ஒரு காலையில் ஜன்னலில் சிவப்பு நூல் கட்டிய போத்தல் வந்து உட்கார்ந்தது. இந்த முறை கொண்டுவந்தவள் காமாட்சி. இடுப்பில் நோயாளி, வாயில் விரலோடு. "என்னம்மா செய்யுது?" என்றேன். காலையில் எழுந்தால் குமட்டுகிறது, தேத்தண்ணி வாசனை ஆகவில்லை, தலை சுற்றுகிறது என்று வரிசையாகச் சொன்னாள். "யாருக்கு, உனக்கா?" என்று கேட்டேன். கண் நிறையச் சிரிப்போடு, முகத்தை மட்டும் கஷ்டப்பட்டு நேராக வைத்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்கு இல்லைங்க டாக்டரையா. அவருக்குத்தான் மறுபடியும் மசக்கை."

வெளிநாட்டு மனைவிக்கு வைத்திய வசதி ஏற்பாடு செய்வது எப்படி என்று இப்போதும் யாராவது கேட்டால், மூத்தது பால் மறப்பதற்குள் புருசனுக்கு வாந்தி வந்துவிட்டால் போதும், மற்றதை விதியே பார்த்துக்கொள்ளும் என்றுதான் சொல்வேன்.